நோட்டில் எழுதப்படாத சுமை: ஒரு குத்துச்சண்டை வீரரின் எட்டு மாதப் பதிவேடு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் வீரருக்கு 2023-இல் 20 வயது. சென்னைக் காசிமேட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு பயிற்சிக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாகக் குத்துச்சண்டை பயின்று வந்தார். 57 கிலோ பிரிவில் மாவட்ட அளவில் இரண்டு பதக்கங்கள் வாங்கியிருந்தார். முந்தைய ஆண்டு மாநிலத் தேர்வுக்குப் போய் முதல் போட்டியிலேயே தோற்றுத் திரும்பினார். முதல் இரண்டு ரவுண்டுகளில் முன்னிலையில் இருந்தவருக்கு மூன்றாவது ரவுண்டில் கை தாழ்ந்துவிட்டது. இடது கை முகவாய்க்குக் கீழே இறங்கியது இறங்கியதுதான், மீண்டும் மேலே வரவில்லை.

மாஸ்டர் முப்பது ஆண்டுகளாக அந்தக் கூடத்தை நடத்துகிறவர். நான் உடற்கல்வி படித்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் வீரர்களின் உடல்தகுதிப் பயிற்சியைக் கவனித்து வந்தேன். "மூன்றாவது ரவுண்டில் ஏன் விழுகிறான் என்று உன் படிப்பை வைத்துச் சொல், பார்க்கலாம்" என்று மாஸ்டர் கேட்டதுதான் தொடக்கம். பிப்ரவரி முதல் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நோட்டுப் போட்டோம். மொத்தம் 11 பேர். இங்கே எழுதுவது அவர்களில் ஒருவரின் கதை. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

என்ன அளந்தோம், எப்படி அளந்தோம்

கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் விசைத் தட்டு எங்களிடம் கிடையாது. கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளை அளக்கும் கருவியும் கிடையாது. ஒரு கைப்பேசி, ஓர் எடைக் கருவி, ஒரு நிறுத்து கடிகாரம், இவ்வளவுதான். அதற்கேற்ற சோதனைகளைத் தேர்ந்தோம்.

முதலாவது குதிப்புச் சோதனை. இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கிய வேகத்தில் நேராக மேலே எழும்ப வேண்டும். திங்கள், வியாழன் மாலைகளில் பயிற்சி தொடங்கும் முன் மூன்று முறை குதிக்கச் சொல்லிச் சராசரி எடுப்போம். பாதம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொடும் வரை எத்தனை பிரேம்கள் என்று கைப்பேசியின் ஸ்லோ மோஷன் படத்தில் எண்ணிவிடலாம். வினாடிக்கு 240 பிரேம். காற்றில் இருந்த நேரத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் உயரம் கிடைத்துவிடும். 126 பிரேம் என்றால் 0.525 வினாடி, உயரம் 33.8 செ.மீ. ஒரு பிரேம் தவறினால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மாறும். ஆகவே அரை சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மகிழவும் கூடாது, பதறவும் கூடாது. இறங்கும்போது முட்டியை மடக்கிக்கொண்டு வந்தால் காற்றில் இருக்கும் நேரம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். அப்படிக் குதித்தால் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

குத்துச்சண்டைக்குக் குதிப்பு எதற்கு என்று பலர் கேட்டார்கள். குத்து தோளில் பிறப்பதில்லை, பின்காலில் பிறக்கிறது. கால் சோர்ந்தால் குத்தும் சோரும். தவிர, இதை வாரம் இரண்டு முறை செய்தாலும் உடம்புக்குப் பாரமில்லை.

இரண்டாவது பயிற்சிச் சுமை. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்று எவ்வளவு சிரமமாக இருந்தது? 0 முதல் 10-க்குள் சொல்" என்று கேட்போம். அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. சிரமத்தை எண்ணாகச் சொல்லும் அளவுகோல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தது. அதை நிமிடத்தோடு பெருக்கும் எளிய வழியைப் பரவலாக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர். உடனே கேட்டால் கடைசி ஐந்து நிமிடம் பையில் குத்திய களைப்புதான் பதிலாக வரும் என்பதால்தான் அரை மணி நேரம் பொறுப்பது.

இவற்றோடு காலை எடை, எழுந்ததும் படுக்கையிலேயே பார்க்கும் நாடித்துடிப்பு ஆகிய இரண்டையும் வீரர்களே எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்பாரிங்கை, அதாவது வீரர்கள் பயிற்சிக்காகத் தங்களுக்குள் மோதுவதை, படம் பிடித்து, ரவுண்டுக்கு எத்தனை குத்து விடுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணுவேன்.

நோட்டுகள் மாஸ்டரின் மேசையில் இருந்தன. திங்கள் மாலை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, எண்களை அவர் சத்தமாக வாசிப்பார். போட்டி மனப்பான்மை வளரும் என்று எண்ணினார். நானும் மறுக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஏறிய எண்கள்

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இவருடைய குதிப்பு 33-க்கும் 34-க்கும் இடையில் நின்றது. திங்கட்கிழமைகளில் ஒரு சென்டிமீட்டர் குறையும், வியாழனன்று ஏறும். "ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிவிட்டு வருகிறான்" என்பது மாஸ்டரின் விளக்கம். ஓட்டத்திலும் ஒரு வேறுபாடு இருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று காலைகளிலும் ஓடுவது அதே 5 கிலோமீட்டர்தான். ஆனால் வியாழனன்று சிரமம் 4 என்பவர், செவ்வாயும் சனியும் 7 என்பார். எழுதிக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 17 அன்று புதிய பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினேன். பளு வைத்து உட்கார்ந்து எழுதல், மெடிசின் பந்து என்ற கனமான பந்தை எறிதல், குறைந்த எண்ணிக்கையில் வேகமான தாவல்கள் என்று ஆறு வாரத்துக்கு வகுத்தது. மே மாதக் கடைசியில் இவருடைய குதிப்பு 37.1 செ.மீ. ஆனது. பிரேம் கணக்கில் 126-இலிருந்து 132. திங்களுக்கும் வியாழனுக்கும் இருந்த வேறுபாடு மறைந்தது. மூன்று காலை ஓட்டங்களுக்கும் 4 என்றே சொன்னார். ஸ்பாரிங்கில் மூன்றாவது ரவுண்டுக் குத்துகள் 50-ஐத் தாண்டின.

திட்டம் பலித்தது என்று முடிவு கட்டினோம். அதே திட்டத்தை வேறு நான்கு பேருக்கும் கொடுத்திருந்தேன். அவர்களில் எவருடைய குதிப்பும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை. இவர் மட்டும் ஏன் இரு மடங்குக்கு மேல் ஏறினார் என்ற கேள்வி அங்கேயே எழுந்திருக்க வேண்டும். "இவனுக்கு உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

ஜூன் இறுதி: சரிவு

ஜூன் 26, திங்கள்: 34.9. ஜூலை 3, திங்கள்: 33.2. திங்கள், வியாழன் வேறுபாடு திரும்பி வந்தது. ஓட்டத்தின் சிரம எண் மீண்டும் 7. ஜூன் கடைசி ஸ்பாரிங்கில் முதல் ரவுண்டில் 56 குத்துகள் விட்டவர் மூன்றாவதில் 38-தான் விட்டார். பழையபடி இடது கை தாழ்ந்தது.

மாஸ்டர் வரிசையில் நிறுத்தி வாசித்தபோது, "மேலே போனவன் ஏன் கீழே வந்தாய்? பதக்கம் வாங்குகிறவன் நோட்டு இப்படியா இருக்கும்?" என்றார். அவர் தலை குனிந்து நின்றார்.

பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்றார் மாஸ்டர். எனக்கு அது அளவுக்கு மீறிய பயிற்சியின் களைப்பாகத் தெரிந்தது. பேசி, ஜூலை 3 முதல் 9 வரை ஒரு வாரம் சுமையைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். வாரத்துக்கு 3,200 அலகு அளவில் இருந்த பயிற்சிச் சுமையை 1,700-க்கு இறக்கினோம். காரணம் எளிமையானது. பயிற்சிதான் களைப்பைத் தருகிறது என்றால், பயிற்சியைப் பாதியாக்கினால் ஒரு வாரத்துக்குள் கால் தெளிய வேண்டும்.

தெளியவில்லை. ஜூலை 10, திங்கள்: 31.7 செ.மீ. அந்த ஆண்டு முழுவதிலும் அதுதான் மிகக் குறைந்த எண்.

இதற்கிடையே எடையையும் தவறாகவே படித்தோம். வியாழன் காலை 60.3 இருந்தவர் திங்கள் காலை 58.9 என்று எழுதியிருந்தார். செப்டம்பர் தேர்வுக்கு 57-க்கு இறங்க வேண்டியிருந்ததால், "எடை நன்றாக இறங்குகிறது" என்று பாராட்டினோம். நான்கு நாளில் கொழுப்பு ஒன்றரைக் கிலோ கரையாது. அது உடம்பிலிருந்து போன தண்ணீர். எனக்கு இது தெரியும். தெரிந்தும், நல்ல செய்தியாகப் பட்டதால் கேள்வி கேட்காமல் விட்டேன்.

ஜூலை 13: கேட்ட ஒரு கேள்வி

வியாழன் மாலை, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு நாடித்துடிப்புப் பத்தி உறுத்தியது. திங்கள், புதன், வியாழன் நாள்களில் 53, 54. மற்ற நாள்களில் 64, 66. நடுவில் ஓர் எண்கூட இல்லை.

"தம்பி, இந்த நாடியை எப்போது பார்த்தாய்?"

"எழுந்ததும்தான் சார்."

"எத்தனை மணிக்கு எழுந்தாய்?"

பட்டையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்றரைக்கு" என்றார்.

அப்போதுதான் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். குத்துச்சண்டைக்காரர்களுக்குத் தோல் தடிப்பது விரல் முட்டிகளில். இவருக்கு விரல்களின் உள்மடிப்பில், நான்கு விரலுக்கும் ஒரே கோடாகக் காய்ப்புக் காய்த்திருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் மீன்முள் கீறிய பழைய தழும்புகள். ஐந்து மாதத்துக்கு மேலாக வாரத்துக்கு மூன்று நாள் என் கண்ணெதிரே கட்டி அவிழ்த்த கை அது.

அப்பாவுக்கு ஜனவரியில் முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆகியிருந்தது. செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கு நாளும் இரவு இரண்டு மணிக்கு இவர் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பார். ஐஸ் பாளங்களை இறக்கி உடைக்க வேண்டும். மீனையும் ஐஸையும் பெட்டிகளில் அடுக்கி ஏலம் நடக்கும் இடத்துக்குத் தூக்க வேண்டும். ஏலம் முடிந்தால் வண்டியில் ஏற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு வேலை முடியும். ஞாயிறு சந்தைக் கூட்டம் என்பதால் ஏழு ஆகும். செவ்வாயும் சனியும் அங்கிருந்து நேராக ஓட்டத்துக்கு வந்துவிடுவார்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். முன்பு ஒரு பையன் இரவு வேலைக்குப் போவது தெரிந்ததும், "இவனுக்குப் போட்டி எதற்கு" என்று மாஸ்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டாராம். "நோட்டில் எழுதினால் எல்லார் முன்னாலும் வாசிப்பார் சார்" என்றார்.

கணக்கைத் திரும்பப் போட்டது

அன்றிரவு குதிப்பு எண்களை நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். என் திட்டம் தொடங்கியது ஏப்ரல் 17. தடை தொடங்கியதும் துறைமுகத்தில் அவருக்கு வேலை நின்றுவிட்டது. இரவு முழுக்கத் தூங்கினார். குதிப்பு ஏறியது. ஜூன் 15-இல் படகுகள் கடலுக்குப் போயின. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அவை. திரும்பி வந்து கரையில் வேலை சூடுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஜூன் 26-இல் எண்கள் சரியத் தொடங்கின. நாங்கள் திட்டத்தின் வெற்றி என்று எழுதி வைத்தது பெரும்பாலும் 61 நாள் தூக்கத்தின் பலன்.

வேலையையும் பயிற்சியைப் போலவே கணக்கிடலாம் என்று தோன்றியது. சிரமம் எவ்வளவு என்று கேட்டேன். சாதாரண நாளுக்கு 5, ஞாயிற்றுக்கிழமைக்கு 7 என்றார். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம், அதை 5-ஆல் பெருக்கினால் நாளுக்கு 1,200. ஞாயிறு 300 நிமிடம், 7-ஆல் பெருக்கினால் 2,100. வாரத்துக்கு 5,700 அலகு. எங்கள் நோட்டில் இருந்த பயிற்சிச் சுமையோ 3,200. மூட்டை தூக்குவதின் 5-ம் ஸ்பாரிங்கின் 5-ம் உடம்புக்கு ஒன்றல்ல என்பதால் இந்தக் கூட்டலை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் பெரிய பங்கு எது என்று காட்ட இது போதும். சுமை குறைப்பு வாரத்தில் நாங்கள் குறைத்தது சிறிய பங்கை. நாங்கள் 'ஓய்வு' என்று எழுதிய ஞாயிறுதான் அவருடைய வாரத்திலேயே மிகப் பாரமான நாள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாஸ்டரிடம் நான் தனியாகப் பேசினேன், வீரரின் அனுமதி பெற்றுத்தான். மாஸ்டர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேசையில் இருந்த 11 நோட்டுகளையும் எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு வரிசை வாசிப்பு நடக்கவில்லை.

வேலையை விடச் சொல்லலாமா என்ற கேள்வி முதலில் வந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கூலியில். அதை விடச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. இந்த ஆண்டு போட்டியை விட்டுவிடலாமா என்றதற்கு அவர் ஒப்பவில்லை. ஆகவே வேலை நிலையானது என்று வைத்துக்கொண்டு பயிற்சியை அதைச் சுற்றி அடுக்கினோம்.

அவர் அம்மாவிடம் மாஸ்டர் பேசியதில், வெள்ளிக்கிழமை வேலையை மட்டும் விடலாம் என்றார்கள். செவ்வாய், சனி ஓட்டங்களை எடுத்துவிட்டோம். அந்த நாள்களில் வேலை முடிந்ததும் கஞ்சியும் முட்டையும் சாப்பிட்டு, ஏழரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். திங்கள் மாலை 45 நிமிடம் ஷேடோ பாக்சிங்கும் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) கால் அசைவும் மட்டும். பளுப் பயிற்சி புதனன்று, பாதி அளவில். கடுமையான ஸ்பாரிங், கால் தெளிந்திருக்கும் வியாழனன்று. வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த அளவுக்கும் சற்று மேலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் துறைமுகத்துக்குப் போவதில்லை என்றும் முடிவானது. அந்த இரண்டு வாரக் கூலியைக் கூடத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து கொடுத்தார்கள்.

எடைப் பிரிவில்தான் வாக்குவாதம் நீண்டது. 57-ஐ விட்டு 60-க்குப் போகலாம் என்றேன். 60-இல் வருகிறவர்கள் உயரமானவர்கள், கை நீளம் கூடியவர்கள் என்றார் மாஸ்டர். அது உண்மையும்கூட. ஆனால் இரவு வேலையும் பயிற்சியும் சேர்ந்த உடம்பிலிருந்து இன்னும் மூன்று கிலோ இறக்குவது எனக்கு அச்சமாக இருந்தது. அமெச்சூர் குத்துச்சண்டையில் மோதும் நாள் காலையில் எடை பார்ப்பார்கள், சில மணி நேரத்தில் வளையத்துக்குள் ஏற வேண்டும். இழந்த தண்ணீரை மீட்க அந்த நேரம் போதாது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் ஐந்து வாரத்துக்குள் எடை இறக்கும் முயற்சியில் இறந்ததை மாஸ்டருக்குச் சொன்னேன். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. உடம்பில் போதிய நீர் இருக்கும்போது சோதித்து ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை முன்கூட்டியே குறிக்கும் விதியும் வந்தது. மாஸ்டர் தன் இளமையில் பிளாஸ்டிக் உறையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடியதை நினைவுகூர்ந்தார். பிறகு 60-க்கு ஒப்புக்கொண்டார்.

பின்னர் நடந்தது

இரண்டு வாரம் எண்கள் அசையவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் வியாழன் குதிப்பு 34-ஐத் தாண்டியது. திங்கள் அதைவிடக் குறைவாகவே இருந்தது. ஞாயிறு வேலை தொடர்ந்ததால் அதை எதிர்பார்த்திருந்தோம். துறைமுக வேலையை நிறுத்திய பிறகு, ஆகஸ்ட் 31 அன்று 36.1. கடைசி ஸ்பாரிங்கில் முதல் ரவுண்டில் 55, மூன்றாவதில் 51 குத்துகள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தேர்வு. காலை எடை 59.4. முந்தைய இரவு வயிறார உண்டு உறங்கியிருந்தார். முதல் போட்டியில் வென்றார். இரண்டாவதில் 3-2 என்ற நடுவர் பிளவில் தோற்றார். எதிராளி அரை சாண் உயரம் கூடியவர். மாஸ்டர் அஞ்சியது பொய்யல்ல. மாநில அணியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாவது ரவுண்டில் கடைசி மணி அடிக்கும் வரை அவருடைய இடது கை முகவாய்க்கு மேலேயே இருந்தது. படத்தை நான்கு முறை போட்டுப் பார்த்தேன்.

எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கம், உணவு, தண்ணீர், எடைப் பிரிவு, பயிற்சி அடுக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். ஏழு வாரமே கையில் இருந்தபோது ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்க மனம் வரவில்லை.

இனி மாற்றிச் செய்வது

மற்ற பத்துப் பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இரவு வரை உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார், ஒருவர் பெயின்ட் அடிக்கிறார், ஒருவர் விடியற்காலையில் டீக்கடையில் நிற்கிறார். ஒருவருடைய நோட்டிலும் அது இல்லை, ஏனென்றால் நான் வரைந்த நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை. இப்போது முதல் பத்தி அதுதான்: வேலை, பயணம், தூக்கம், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம். நாடித்துடிப்புக்குப் பக்கத்தில் பார்த்த நேரத்தையும் எழுதுகிறார்கள்.

நோட்டு வீரரிடமே இருக்கிறது. விரும்பினால் காட்டுவார். எண் குறைந்ததற்காகப் போட்டிப் பட்டியலிலிருந்து எவர் பெயரையும் எடுப்பதில்லை என்று மாஸ்டர் எல்லார் முன்னும் சொல்லியிருக்கிறார். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் பயனில்லை என்றே நினைக்கிறேன். தண்டனைக்கு அஞ்சுகிறவர் தரும் எண்ணை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

ஒரு பயிற்சித் திட்டம் பலித்ததாக எழுதும் முன், அதே நாள்களில் வீரரின் வாழ்க்கையில் வேறு என்ன மாறியது என்று கேட்கிறேன். ஒரே திட்டத்தில் ஐந்து பேரில் ஒருவர் மட்டும் வெகுவாக ஏறினால், முதலில் அவரிடம்தான் போய்ப் பேசுகிறேன்.

2024 மே மாதம் அவருடைய குதிப்பு மீண்டும் 36.8 ஆனது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவரே தன் கையெழுத்தில் 'தடைக்காலம்' என்று எழுதியிருந்தார்.